'ஓடும்' என்னும் வினைமுற்று: குதிரைப் பந்தய முன்னோட்டமும் 'திறமை' என்ற சொல்லின் அரசியலும்

1

'இந்தக் குதிரை நல்லா ஓடும்' என்கிறோம். இந்த வாக்கியத்தில் இருப்பது எந்தக் காலம்? பள்ளிக்கூட இலக்கணம் எதிர்காலம் என்று முடித்துவிடும். ஆனால் அந்தக் குதிரை இதுவரை ஓடிவந்த விதத்தைச் சொல்லவும் இதே வினைமுற்றுதான். வருகிற சனிக்கிழமை அது ஓடப்போகும் விதத்தைச் சொல்லவும் இதே வினைமுற்றுதான். மூன்று காலத்துக்கும் பொதுவாக நிகழும் இயற்கையைத் தனியொரு பொதுச்சொல்லால் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பிய வினையியல் இடம் ஒதுக்குகிறது. மலை நிற்பதையும் ஞாயிறு இயங்குவதையும் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். மலைக்கும் ஞாயிற்றுக்கும் இது பொருந்தும். அவை நேற்றுச் செய்ததையே நாளையும் செய்யும் என்பதில் யாருக்கும் பணம் போகப்போவதில்லை. குதிரைக்குப் பொருந்துமா?

பொருந்தும் என்று சொல்வதற்காகவே ஒரு எழுத்து வகை பிறந்திருக்கிறது. பந்தய நாளன்று காலைத் தாளிலும், முந்தின நாளே கைக்கு வந்துவிடும் ரேஸ் புத்தகத்திலும் அது இருக்கும். முதல் பந்தயத்தில் எது வரும், இரண்டாவதில் எது வரும், எதைத் தள்ளிவிடலாம், எதை ஒரு கண் பார்த்துவைக்கலாம் என்று பந்தயம் பந்தயமாகச் சொல்லிச் செல்லும் சின்னப் பத்திகள். இதை முன்னோட்டம் என்று அழைக்கிறேன். ரேஸ்காரர்கள் 'டிப்ஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார்கள். நான் பந்தயம் கட்டுகிறவன் இல்லை; தமிழ் படித்துவிட்டுப் பிரதிகளை வாசிப்பதைப் பிழைப்பாக வைத்திருப்பவன். சிறுகதையையும் புதுக்கவிதையையும் கட்டுடைத்துக் காட்டிய நம் விமர்சனம் இந்தப் பத்தியை ஒருமுறைகூட எடுத்து வாசித்ததில்லை. ஒருநாள் மட்டுமே உயிரோடிருந்து, மறுநாள் கடலை மடிக்கப் போய்விடும் பிரதி என்பதால் இருக்கலாம்.

இந்த அற்பப் பிரதியை ஏன் எடுத்துப் பேச வேண்டும்? ஒருவன் தெருவில் மூணு சீட்டு ஆடினால் சூதாடி என்று போலீஸ் பிடித்துப் போகிறது. இன்னொருவன் வேலிக்குள் நின்று குதிரைமேல் பணம் கட்டினால் அவன் அறிவைப் பயன்படுத்துகிறவன் ஆகிறான். இந்த வித்தியாசத்தைச் சட்டம் வானத்திலிருந்து எடுக்கவில்லை. இருநூற்றைம்பது ஆண்டுகளாக இந்த முன்னோட்டப் பத்திகளும் அவற்றின் பின்னால் இருக்கும் ஆவணங்களும் சேர்ந்து கட்டியெழுப்பிய வித்தியாசம் அது. அதன் விலையை வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்பதே இங்கே என் வாதம்.

2

குதிரையைப் பார்த்துக் கணிப்பது பழைய வித்தை. நம்மிடம் குதிரைக்கும் மாட்டுக்கும் சுழி பார்த்து வாங்கும் வழக்கம் உண்டு. நெற்றியில், கழுத்தில், விலாவில் மயிர் எப்படிச் சுழிக்கிறது என்று பார்ப்பார்கள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குதிரை வேகமாக ஓடுமா என்பதைச் சுழி சொல்வதில்லை, வாங்குகிறவன் வாழ்வானா கெடுவானா என்பதையே சொல்கிறது. குதிரையின் உடம்பில் எழுதியிருப்பது உடையவனின் விதி. இந்த அறிதல்முறையில் குதிரைக்கென்று தனியான கடந்தகாலம் எதுவுமில்லை.

நவீன முன்னோட்டம் உடம்பைவிட்டுக் காகிதத்துக்கு நகர்ந்தது. 1727இல் இங்கிலாந்தில் ஜான் செனி என்பவர் அந்த ஆண்டு நடந்த பந்தயங்களின் முடிவுகளைத் தொகுத்து அச்சிட்டார். 1773இல் ஜேம்ஸ் வெதர்பி 'ரேசிங் கேலண்டர்' என்ற வெளியீட்டைத் தொடங்கினார். 1791இல் அதே குடும்பத்திலிருந்து 'ஜெனரல் ஸ்டட் புக்' என்ற வம்சாவளிப் பதிவேடு வந்தது. இந்த மூன்றும் சேர்ந்தபோது குதிரைக்கு வரலாறு வந்தது: எங்கே ஓடியது, யாரைத் தோற்கடித்தது, யாருக்குப் பிறந்தது. எபிரேயத் திருமறையில் இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று வரும் அட்டவணைபோல, தரோப்ரெட் என்ற இனத்தின் ஆண்வழி எல்லாம் டார்லி அரேபியன், பயர்லி டர்க், கோடால்பின் அரேபியன் என்ற மூன்று கீழ்த்திசைக் குதிரைகளுக்குப் போய்ச் சேரும். பதிவேட்டில் இல்லாத குதிரை எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்த மைதானத்தில் குதிரையே இல்லை. பிறப்பைப் பார்த்துத் தகுதி சொல்லும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. மனுசனுக்குச் செய்ததை அங்கே குதிரைக்குச் செய்தார்கள். அதையும் அச்சிட்டு, விலைக்கு விற்று, அறிவு என்று பெயர் வைத்தார்கள்.

பதிவேட்டின் அதிகாரம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு 1844ஆம் ஆண்டு எப்சம் டெர்பியைப் பார்க்கலாம். 1780இல் தொடங்கிய டெர்பி மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமானது. 1844இல் முதலில் வந்தது 'ரன்னிங் ரெய்ன்'. உண்மையில் அது 'மக்காபியஸ்' என்ற நான்கு வயதுக் குதிரை என்று புகார் எழுந்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. குதிரையைக் கொண்டுவந்து காட்டுங்கள், பல்லைப் பார்த்து வயதைச் சொல்லிவிடலாம் என்றார் நீதிபதி. குதிரை காணாமல் போயிருந்தது! வெற்றி இரண்டாவதாக வந்த 'ஆர்லாண்டோ'வுக்குப் போனது. இங்கே நடந்த மோசடியை வெறும் திருட்டு என்று நான் பார்க்கவில்லை. உடம்புக்கும் காகிதத்துக்கும் இடையே விழுந்த விரிசலில் ஒருவன் கைவிட்டுப் பார்த்திருக்கிறான். முன்னோட்டம் எழுதுகிறவர் உண்மையில் குதிரையைப் பற்றி எழுதுவதில்லை. குதிரையின் பெயரில் இருக்கும் காகிதத்தைப் பற்றி எழுதுகிறார். பெயர் மாறினால் அறிவு முழுவதும் சரிந்துவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தந்தியும் ரயிலும் மலிவான அச்சும் வந்தன. 1859இல் லண்டனில் 'ஸ்போர்ட்டிங் லைஃப்' தொடங்கியது. 1894இல் சிகாகோவில் ஃபிராங்க் புரூனல் 'டெய்லி ரேசிங் ஃபார்ம்' தொடங்கினார். அதுவரை லாயத்துக்குள்ளும் பிரபுக்களின் விருந்து மேசையிலும் சுற்றிக்கொண்டிருந்த தகவல் ஒரு பென்னிக்குத் தொழிலாளியின் கைக்கு வந்தது. இதை ஜனநாயகம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் தகவல் கைக்கு வருவதும் தகவலின் பயன் கைக்கு வருவதும் வேறுவேறு. இந்த வேறுபாட்டைப் பிறகு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

3

முன்னோட்டத்தை வாசிப்பதற்குக் கொஞ்சம் எழுத்தறிவு வேண்டும். பிரிட்டிஷ் முறையில் ஒரு குதிரையின் பெயருக்கு முன்னால் 4031-21 என்று அச்சிட்டிருக்கும். வலது ஓரத்தில் இருப்பது கடைசி ஓட்டம்: முதலிடம். அதற்கு முந்தியது இரண்டாமிடம். சின்னக் கோடு ஆண்டு மாறியதைக் காட்டுகிறது. அதற்கும் முன்னால் போன பருவத்தில் ஒரு முதலிடம், ஒரு மூன்றாமிடம், பிறகு ஒரு சுழி: முதல் ஒன்பதுக்குள் வரவில்லை. (பழைய சுழி உடம்பில் இருந்தது, புதிய சுழி அச்சில் இருக்கிறது.) இந்த ஆறு எண்களை வைத்து எழுதுகிறவர் ஒரு கதை செய்ய வேண்டும். தூரம் கூடியபோது தேறியது, ஈரத் தரையில் திணறியது, ஜாக்கி மாறியதும் எழுந்தது, ஓய்வுக்குப் பின் முதல் ஓட்டத்தைத் தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும் என்று எண்களுக்குக் காரணம் பொருத்த வேண்டும். காரணகாரியத் தொடர்ச்சி இல்லாத இடத்தில் அதைக் கட்டித்தரும் கதையாடல் இது. வரலாற்றாசிரியன் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். ஒரே வித்தியாசம், அவனுக்கு முடிவு முன்பே தெரியும்.

பந்தயங்களில் பெரும்பகுதி 'ஹேண்டிகேப்' முறையில் நடப்பவை. இந்தச் சொல் தொப்பிக்குள் கைவிடும் ஒரு பழைய பண்டமாற்று விளையாட்டிலிருந்து வந்தது. நல்ல குதிரைக்குக் கூடுதல் எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை. 1855இலிருந்து இங்கிலாந்தில் இந்த எடையைத் தீர்மானிக்கும் அதிகாரியாக இருந்தவர் அட்மிரல் ஹென்றி ஜான் ரூஸ், கடற்படைக்காரர். எந்த வயதுக் குதிரை எந்த மாதத்தில் எந்தத் தூரத்துக்கு எவ்வளவு சுமக்க வேண்டும் என்று அவர் போட்ட அட்டவணையின் வழிவந்தவைதான் பின்னாளைய அட்டவணைகளும். எடை போடுகிறவரின் இலட்சியம் என்ன? எல்லாக் குதிரையும் ஒரே கணத்தில் கோட்டைத் தொட வேண்டும். அதாவது எது வரும்னு யாராலும் சொல்ல முடியாமல் போக வேண்டும்.

இங்கேதான் வேடிக்கை. எடை போடுகிறவர் எந்தக் காகிதத்தைப் படித்து எல்லாக் குதிரைகளையும் சமமாக்கப் பார்க்கிறாரோ, அதே காகிதத்தைப் படித்துத்தான் முன்னோட்டக்காரர் ஒரு குதிரையை மட்டும் பிரித்தெடுக்கப் பார்க்கிறார். முதலாமவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தால் இரண்டாமவருக்கு வேலையே இல்லை. ஆகவே முன்னோட்டம் என்பது குதிரையைப் பற்றிய கணிப்பு அல்ல. ஒரு அதிகாரியின் தவறைப் பற்றிய கணிப்பு. 'குறைந்த எடையில் இறங்குகிறது' என்று ஒரு பத்தி சொன்னால், அதன் பொருள் எடை போட்டவர் ஏமாந்திருக்கிறார் என்பதே. ஏமாந்தாரா, இல்லை குதிரைக்காரன் முந்தின ஓட்டங்களில் வேண்டுமென்றே பின்தங்க வைத்து ஏமாற்றினானா என்பதை அச்சில் எழுத முடியாது. அச்சில் வராத இந்த இரண்டாவது வாசிப்பைத்தான் ரேஸ்கோர்ஸ் வாசலில் காதோடு காதாக விற்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் ஒரு கட்டு ரேஸ் புத்தகங்கள் கிடைத்தன. அட்டை கிழிந்தவை. யாரோ ஒருவர் பக்கந்தோறும் பென்சிலால் குறித்திருக்கிறார்: சில குதிரைக்கு ஒரு கோடு, சிலதுக்கு இரண்டு, அச்சில் முதல் தேர்வாக வந்ததற்குப் பெரும்பாலும் குறுக்குக் கோடு. எழுதியவரை நம்பாமல், ஆனால் எழுதியவரின் மொழியிலேயே யோசித்திருக்கிறார். கட்டிய தொகையோ வந்த முடிவோ ஒரு பக்கத்திலும் இல்லை. கோட்பாட்டு நூல்களில் 'செயலூக்கமுள்ள வாசகன்' என்று படிக்கிறோமே, அவனை நான் அந்த ஓரக்குறிப்புகளில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த வாசகனை முட்டாள் என்று ஒதுக்கிவிட்டு இந்தக் கட்டுரையை எழுதிவிட முடியாது. அவருக்குத் திறமை இருந்தது. அந்தத் திறமையை என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

4

1913 என்ற ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஜூன் 4, புதன்கிழமை, எப்சம் டெர்பி. மக்கள் பணம் அதிகம் குவிந்த குதிரை 'கிராகனூர்', ஆறுக்கு நாலு விலை; நாலு பவுண்டு கட்டினால் ஆறு பவுண்டு லாபம். அரசர் ஐந்தாம் ஜார்ஜின் 'ஆன்மர்' பின்வரிசைக் குதிரை. பந்தயத்தின் நடுவே பெண்கள் வாக்குரிமைப் போராளி எமிலி டேவிசன் வேலியைத் தாண்டி ஓடுதளத்துக்குள் இறங்கினார். ஆன்மர் அவர்மேல் மோதியது. நான்கு நாள் கழித்து ஜூன் 8இல் அவர் இறந்தார். முன்னே போன குதிரைகள் ஓடிக்கொண்டே இருந்தன. கிராகனூர் ஒரு தலை வித்தியாசத்தில் முதலில் வந்தது. பிறகு நிர்வாகிகளே ஆட்சேபம் எழுப்பி, பக்கத்துக் குதிரையை இடித்தது என்று சொல்லி அதைத் தகுதியிழக்கச் செய்தார்கள். நூற்றுக்கு ஒன்று விலையில் இருந்த 'அபோயர்' வென்றதாக அறிவிப்பு. மூன்றாவதாக வந்த 'டே காமெட்' என்ற குதிரையை நடுவர் பார்க்கவே இல்லை. புகைப்படத்தில்தான் அது இருக்கிறது.

அன்றைய எந்த முன்னோட்டத்திலும் டேவிசனின் பெயர் இருந்திருக்க முடியாது. இது முன்னோட்டக்காரரின் குற்றமல்ல. அந்தப் பிரதி எதைக் காரணியாக ஏற்கும், எதை ஏற்காது என்பதற்கான எல்லை அது. எடை, தூரம், தரை, வம்சம், ஜாக்கி எல்லாம் உள்ளே. வாக்குரிமை இல்லாத ஒரு பெண்ணின் கோபம் வெளியே. நிர்வாகிகளின் மனச்சாய்வும் வெளியே. நடுவரின் கண்ணும் வெளியே. உள்ளே இருப்பதை மட்டும் எண்ணிக்கொண்டு இதுதான் மொத்தம் என்று சொல்லும்போதுதான் 'அறிவு' உண்டாகிறது. பிதுங்கி வெளியே நிற்பதற்குத் 'தற்செயல்' என்று பெயர் கொடுத்துவிடுகிறோம்.

அதே 1913இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து அருகே எல்லர்ஸ்லி மைதானத்தில் ஜார்ஜ் ஜூலியஸ் வடிவமைத்த டோட்டலைசேட்டர் இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஜூலியஸ் அதை முதலில் வாக்கு எண்ணும் இயந்திரமாகத்தான் யோசித்தார். அரசு வேண்டாம் என்றது. பந்தயப் பணத்தை எண்ணும் இயந்திரமாக மாற்றிக்கொண்டார். வாக்குக்காக ஒரு பெண் குதிரைக்கு முன்னால் இறங்கிய ஆண்டும், வாக்கு எண்ண நினைத்த இயந்திரம் குதிரைப் பணத்தை எண்ணத் தொடங்கிய ஆண்டும் ஒன்றே என்பது வெறும் ஒத்திசைவுதான். ஆனால் இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: கூட்டத்தின் கருத்தை எண்ணினால் யாருக்கு என்ன கிடைக்கிறது?

டோட்டில் எல்லோர் பணமும் ஒரு குவியலாகச் சேரும். அதில் கிளப்பின் பங்கையும் வரியையும் கழித்துவிட்டு மீதியை வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு குதிரையை எத்தனை பேர் நம்புகிறார்களோ அத்தனைக்கு அதன் விலை குறையும். உதாரணத்துக்குக் கழிவு நூற்றுக்கு இருபது என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாயோடு உள்ளே வரும் சராசரி ஆட்டக்காரர், கையில் மிஞ்சியதை எல்லாம் அடுத்தடுத்த பந்தயத்தில் கட்டிக்கொண்டே போனால், கணக்கின்படி முதல் பந்தயம் முடிந்ததும் 80, இரண்டாவதில் 64, மூன்றாவதில் 51 ரூபாய் 20 காசு. எட்டுப் பந்தயம் முடியும்போது மிச்சம் ஏறக்குறைய 17 ரூபாய். இவர் முட்டாளாக இருக்க வேண்டியதில்லை. எல்லோரையும் போலப் படித்தவராக இருந்தால் போதும்.

'எல்லோரையும் போல' என்பதில்தான் விஷயம். மக்கள் பணம் அதிகம் விழும் குதிரை மூன்றில் ஒரு பந்தயத்தில் வெல்கிறது என்பது பல நாட்டு மைதானங்களில் பொதுவாகக் காணப்படும் அளவு. கூட்டத்துக்குக் கணிக்கத் தெரியும். 1949இல் அமெரிக்க உளவியலாளர் ஆர். எம். கிரிஃபித் பந்தய விலைகளை ஆராய்ந்தபோது, கூட்டம் வைக்கும் விலை குதிரைகளின் உண்மையான வெற்றி விகிதத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போவதையும், வாய்ப்புக் குறைந்த குதிரைகளின் மேல் மட்டும் மிகையாகப் பணம் விழுவதையும் காட்டினார். ஆக, கணிப்பு உண்மை, திறமை உண்மை, ஆனால் அந்தத் திறமை விலைக்குள் ஏற்கனவே உறிஞ்சப்பட்டுவிட்டது. எல்லோரும் படிக்கும் முன்னோட்டம் சரியாக இருக்கும் அளவுக்கு அதனால் பயன் இல்லாமல் போகிறது. சரியான கணிப்பு விலையைக் குறைக்கிறது; தவறான கணிப்பு பணத்தைத் தின்கிறது. கழிவு மட்டும் இரண்டு வழியிலும் நிற்காமல் வருகிறது.

இந்தக் கணக்கைத் தாண்டியவர்கள் உண்டா? உண்டு. 1980களில் ஹாங்காங்குக்குப் போன அமெரிக்கர் பில் பென்டர் கணினி மாதிரி ஒன்றைக் கட்டினார். 1994இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: தன் மாதிரியின் கணிப்பை மட்டும் வைத்துக்கொண்டு வெல்ல முடியவில்லை, கூட்டம் வைத்த விலையையும் ஒரு தகவலாக உள்ளே சேர்த்த பிறகே லாபம் வந்தது. பென்சிலால் கோடு போட்ட நம் பழைய புத்தகக்காரர்களின் அறிவு முழுவதும் மூலப்பொருளாகி, கணினியும் முதலீடும் இருந்த ஒருவரின் லாபமாக மாறுகிறது. உபரி மதிப்பு என்ற சொல்லைத் தொழிற்சாலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

5

இனி சட்டத்துக்கு வரலாம். பிரிட்டனில் 1853இல் காசு வாங்கிப் பந்தயம் நடத்திய கடைகளை மூடினார்கள். 1906இல் தெருவில் பந்தயம் கட்டுவதைத் தடை செய்தார்கள். கிளப்பில் கணக்கு வைத்துக் கடனுக்குக் கட்டிய கனவானை இரண்டு சட்டமும் தொடவில்லை. மைதானத்துக்குள் கட்டுகிறவரையும் தொடவில்லை. 1961இல்தான் தெருமுனைக் கடை மீண்டும் சட்டத்துக்குள் வந்தது. அதுவரை ஒரே பத்தியைப் படித்து ஒரே குதிரையில் கட்டிய இருவரில் ஒருவர் ரசிகர், மற்றவர் குற்றவாளி.

இந்த வேலியைக் காலனியம் அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டது. கிண்டியில் 1777இலிருந்தே பந்தயம் நடந்தது என்று சொல்வார்கள். மதராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. 1888ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டத்திலும் 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்திலும் 'சூதாட்டம்' என்பதன் வரையறைக்குள் குதிரைப் பந்தயத்துக்கு மட்டும் ஒரு விலக்கு இருந்தது. பந்தயம் நடக்கும் அன்றே கட்ட வேண்டும்; மைதானத்து வேலிக்குள், அரசு அனுமதித்த இடத்தில் கட்ட வேண்டும்; அப்படியானால் அது சூதாட்டம் ஆகாது. இலக்கண மாணவனாக இந்த விதியை நான் வியப்போடு படித்தேன். செயல் ஒன்றே, இடவேற்றுமை மாறியதும் பெயர் மாறுகிறது.

மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது 1974இல் வந்த சட்டம் இந்த விலக்கை நீக்கியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1986இல் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளும் சட்டம் வந்தது. வழக்குகள் நீண்டன. 1996 ஜனவரி 12இல் டாக்டர் கே. ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அந்தத் தீர்ப்பு, குதிரைப் பந்தயம் பெருமளவு திறமையைச் சார்ந்தது, ஆகவே அது சூதாட்டம் அல்ல என்றது. 1986 சட்டத்தையும் செல்லாது என்றது. வம்சம், பயிற்சி, ஜாக்கி, எடை, தூரம் என்று திறமைக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் காரணிகளைப் படித்தால், ஒரு முன்னோட்டப் பத்தியின் உள்ளடக்கத்தைப் படிப்பதுபோலவே இருக்கும். வெதர்பியும் ரூஸும் கட்டிய காகித அறிவு இருநூறு ஆண்டு கழித்து டெல்லியில் சாட்சி சொல்கிறது.

என் ஆட்சேபம் இங்கேதான். 'திறமை' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு பேரை நிறுத்திவிடுகிறோம்: குதிரையின் வலிமை, பயிற்சியாளரின் உழைப்பு, ஜாக்கியின் தேர்ச்சி, பணம் கட்டுகிறவரின் மதிப்பீடு. முதல் மூன்றும் ஓட்டத்தை மாற்றுபவை. நான்காவது ஓட்டத்தில் ஒரு மயிரிழையைக்கூட மாற்றாது. முதல் மூன்றின் கௌரவத்தை நான்காவது கடன் வாங்கிக்கொள்கிறது. 'ஓடும்' என்ற வினைமுற்றில் வழக்கமும் எதிர்காலமும் ஒன்றுக்குள் ஒன்று நழுவுகிற மாதிரியே, குதிரை ஓடும் திறமையும் மனிதன் ஊகிக்கும் திறமையும் ஒன்றுக்குள் ஒன்று நழுவிவிடுகின்றன. சட்டமும் இந்த நழுவலைத் தடுக்கவில்லை.

இந்த நழுவல் மைதானத்தோடு நிற்கவில்லை. 1967இல் சத்தியநாராயணா வழக்கில் ரம்மி திறமையின் ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1967, 1996 ஆகிய இரண்டு தீர்ப்புகளின் வழியும் சேர்ந்து, கைப்பேசியில் பணம் வைத்து ஆடும் ரம்மிக்குக் கேடயமானது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து உயிரை விட்டவர்களின் செய்திகள் தமிழ்நாட்டில் அடுத்தடுத்து வந்தன. மாநிலம் கொண்டுவந்த முதல் தடையை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இரண்டாவது சட்டம் வந்தபோதும், 2023 நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமையின் ஆட்டங்கள் என்பதால் அந்தத் தடை அவற்றுக்குப் பொருந்தாது என்றது. 2003இல் லாட்டரிச் சீட்டு இந்த மாநிலத்தில் ஒழிந்தது. அது ஏழையின் தற்செயல், அதற்குப் பேச ஒரு கோட்பாடு இல்லை. திறமை என்ற சொல் கையிலிருந்தவர்கள் மட்டும் நீதிமன்றப் படியேறி நின்றார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் திறமையா தற்செயலா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, இணையத்தில் பணம் கட்டும் ஆட்டம் எதுவானாலும் தடை என்றது. நோக்கம் நியாயமானது. ஆனால் ஒரு சொல்லின் வரலாற்றைப் பேசி முடிக்காமல் அதைத் தாண்டிப்போனால், அது வேறு வாசல் வழியாகத் திரும்பி வரும்.

வேலியைப் பற்றியும் ஒரு தகவல். கிண்டியில் சுமார் 160 ஏக்கரைக் கிளப்புக்கு 1945இலிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். வாடகையை அரசு உயர்த்திக் கேட்டதில் பாக்கி 730 கோடி ரூபாயைத் தாண்டியதாகக் கணக்கிட்டு அதைக் கட்டும்படி 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து மைதானத்துக்கு சீல் வைத்தது; கிளப் நீதிமன்றத்துக்குப் போனது. எந்த வேலிக்குள் நின்றால் சூது அறிவாகிறதோ அந்த வேலிக்கான வாடகை ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. கணக்கில் கெட்டிக்காரர்கள் யார் என்று இனிமேல் கேட்க வேண்டியதில்லை.

6

போதலேர் பற்றிய கட்டுரையில் வால்டர் பெஞ்சமின் சூதாடியையும் தொழிற்சாலைத் தொழிலாளியையும் அருகருகே வைத்தார். எந்திரத்தின் ஒவ்வொரு இயக்கமும் முந்தியதோடு தொடர்பற்றிருப்பதுபோலச் சூதாட்டத்தின் ஒவ்வொரு வீச்சும் தொடர்பற்றது. அங்கே அனுபவத்துக்கு மதிப்பில்லை. குதிரைப் பந்தயத்துக்கு இது அப்படியே பொருந்தாது என்று நினைக்கிறேன். முன்னோட்டம் சூதாடிக்குத் தருவது இழந்துபோன அந்த அனுபவத்தைத்தான். உன் கடந்தகாலம் வீண் போகவில்லை, நீ படித்தது, நீ கவனித்தது, நீ நினைவில் வைத்தது எல்லாவற்றுக்கும் நாளை ஒரு பலன் உண்டு என்று அது சொல்கிறது. வாழ்க்கையில் வேறு எந்தப் பத்தியும் இப்படிச் சொல்லாத ஒருவருக்கு இது சாதாரண வாக்குறுதி இல்லை. அதனால்தான் தோற்ற மறுநாளும் புத்தகம் வாங்குகிறார்கள். 'ஆசை யாரை விட்டது' என்று அறம் பேசுகிறவர்களுக்கு இது புரிவதில்லை. அவரை இழுப்பது பணத்தாசை மட்டுமல்ல. தன் அறிவுக்கு மரியாதை கிடைக்கும் ஒரே இடம் அது என்ற நினைப்பு.

ஆகவே திறமையா, தற்செயலா என்ற நீதிமன்றக் கேள்வி தவறான கேள்வி. இரண்டும் இருக்கின்றன, எந்த ஆட்டத்திலும் இருக்கும். கேட்க வேண்டியது வேறு: ஒருவருடைய அறிவை விலையாக மாற்றி, அந்த விலையில் கழிவு எடுத்து, தோற்றபின் அவரையே அறிவற்றவர் என்று சொல்லும் அமைப்பு எது? அதற்கு வேலி போட்டுக் கொடுத்தது யார்? தெருவில் சீட்டு விரித்தவனுக்கு இல்லாத இலக்கணத்தை மைதானத்துக்குள் நின்றவனுக்கு எழுதிக் கொடுத்தது யார்?

நாளைக் காலை இந்தியாவில் ஏதோ ஒரு நகரத்தில், ஏதோ ஒரு பந்தயத்துக்கு, ஏதோ ஒரு குதிரை 'ஓடும்' என்று ஒருவர் எழுதுவார். அந்த வினைமுற்றில் எழுவாய் குதிரை. பணம் கட்டுகிறவருக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. செலவு மட்டும் அவருடையது.